ஐந்து வருடம் ஆச்சே, பி.ஆர். எங்கே? படிப்பும் வேலையும் கலந்த வருடங்களை எண்ணும் முறை

2025 நவம்பரில், மேற்கு மாம்பலத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தார். மகன் ஜெர்மனிக்குப் போய் அக்டோபரோடு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கூடப் போன இன்னொரு பையனுக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வந்துவிட்டதாம். இவனுக்கு ஏன் வரவில்லை, வேலையில் ஏதாவது பிரச்சினையை நம்மிடம் மறைக்கிறானோ என்று வீட்டில் அவர் மனைவிக்குத் தூக்கமே இல்லை என்றார்.

நான் பல வருடங்களாக மாலை நேரத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு மாதம்கூடப் போகாது. கல்விக் கடன் வாங்கி அனுப்பிய பெற்றோர், பி.ஆர். வரும் தேதியை வைத்துத்தான் கல்யாணத்தையே யோசிக்கிறார்கள். ஆனால் அந்தத் தேதியை அவர்கள் கணக்கிடும் விதம் பெரும்பாலும் தப்பு. "அங்கே போய் அஞ்சு வருஷம் இருந்தா பி.ஆர்." என்ற ஒரு வரி எல்லார் வாயிலும் இருக்கிறது. அதில் "இருந்தா" என்ற சொல்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

## முதலில், பி.ஆர். என்றால் என்ன

சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் பழக்கம். முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், வீட்டுக்காரர் மனசு மாறினால் காலி செய்ய வேண்டும். வெளிநாட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் சாதாரண வசிப்பு அனுமதி இந்த மாதிரி. அதற்கு ஒரு கெடு தேதி உண்டு. எதற்காக இருக்கிறீர்கள் என்ற நோக்கமும் அதிலேயே எழுதியிருக்கும்.

பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் அந்தக் கெடு தேதி போய்விடும். நோக்கமும் போய்விடும். வேலை மாறலாம், தொழில் தொடங்கலாம், வேலை போனாலும் உடனே பெட்டி கட்ட வேண்டாம். அதற்காக வீடு நம் பெயருக்குப் பத்திரம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பத்திரம் என்பது குடியுரிமை, அது தனிக் கதை. பி.ஆர். வந்த பிறகும் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான்.

## அப்ரண்டிஸ் வருடம் கிராஜுவிட்டியில் சேருமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை. ஒருவர் அங்கே ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருக்கிறார், பிறகு அதே இடத்தில் நிரந்தர ஊழியர் ஆகிறார். மொத்தம் ஐந்து வருடம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு கிராஜுவிட்டி கேட்கிறார். கிடைக்காது. நிரந்தர ஊழியருக்குத் தொடர்ச்சியாக ஐந்து வருடப் பணி வேண்டும். 1972இல் வந்து 2025 வரை இருந்த கிராஜுவிட்டிச் சட்டம் "ஊழியர்" என்று யாரைச் சொன்னதோ அந்த வரையறையிலேயே அப்ரண்டிஸ் இல்லை. அதே கேட், அதே மெஷின், அதே கேன்டீன் சாப்பாடுதான். ஆனாலும் அந்த ஒரு வருடம் கணக்கில் ஏறாது.

இன்னொன்று, அரசு அலுவலகக் குடும்பங்களுக்குத் தெரிந்தது. தமிழ்நாடு அரசின் பழைய ஓய்வூதிய விதிகளில், சில்லறைச் செலவினத்தில் சம்பளம் வாங்கித் தற்காலிகமாக வேலை செய்து பிறகு நிரந்தரமானவருக்கு, அந்தத் தற்காலிகக் காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் செய்திருந்தால் ஐந்து.

ஆக, ஒரே இடத்தில் கழித்த வருடங்களையே ஒரு கணக்கு முழுசாக எடுக்கும், இன்னொன்று பாதியாக எடுக்கும், வேறொன்று சுத்தமாகத் தள்ளிவிடும். பி.ஆர். கணக்கும் இதே முறைதான். எந்த மாதங்களை எண்ணலாம் என்று சட்டம் சொல்கிறதோ அவற்றின் மொத்தத்தைத் தகுதிக்காலம் என்போம். அது ஊரில் இருந்த காலம் அல்ல.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விமானம் இறங்கிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. ஒவ்வொரு மாதமும் எந்த அனுமதியில் கழிந்தது என்று பார்த்து எண்ண வேண்டும்.

## அட்டையில் இருக்கும் அந்தச் சின்ன எண்

பந்தியில் இருந்தவரிடம், மகனுடைய வசிப்பு அட்டையின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து போனில் தேடி எடுத்தார். நம் ஆதார் அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. புகைப்படம், பெயர், கெடு தேதி. அதோடு குறிப்புகள் என்ற இடத்தில், இரண்டு விரலால் பெரிதாக்கினால்தான் தெரிகிற எழுத்தில், ஒரு சட்டப் பிரிவு எண்: 18ஜி. அவர் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், அந்த எண்ணைக் கவனித்ததே இல்லை. கணக்கு முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஜெர்மன் வசிப்புச் சட்டத்தில் ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. நமக்குத் தெரிய வேண்டியவை சிலதான். 16பி என்றால் பல்கலைக்கழகப் படிப்பு. 20 என்றால் வேலை தேடும் காலம், அங்கே பட்டம் வாங்கியவருக்குப் பதினெட்டு மாதம் வரை கிடைக்கும். 18பி என்றால் பட்டதாரிக்கான வேலை. 18ஜி என்றால் ப்ளூ கார்டு, அதாவது குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பட்டதாரிக்கான வேலை அனுமதி.

இந்தப் பையன் 2020 அக்டோபரில் போனான். முதுகலைப் படிப்பு இரண்டு வருடம்தான், ஆனால் தீசிஸ் இழுத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இது அங்கே சகஜம், யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து ஆறு மாதம் வேலை தேடினான். 2024 ஏப்ரலில் வேலை கிடைத்தது, ப்ளூ கார்டும் கிடைத்தது.

2023 நவம்பரிலிருந்து இருக்கும் விதிப்படி, ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்தால் பி.ஆர். கேட்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை இருந்தால் 21 மாதமே போதும். அப்படியென்றால் இவன் கணக்கு 2024 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. பி1 இருந்தால் 2026 ஜனவரி, இல்லாவிட்டால் 2026 ஜூலை. முதல் மூன்றரை வருடத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. படித்த காலம் வீணா என்று கேட்டார். வீண் இல்லை. ஜெர்மன் பட்டம் வைத்திருப்பவருக்கு அது வேறு விதத்தில் கைகொடுக்கிறது. ப்ளூ கார்டு வரம்புக்குச் சம்பளம் எட்டாமல் 18பி அனுமதியில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பட்டத்தோடு நேராக வேலைக்குப் போனவர் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் படித்து முடித்தவருக்கு இரண்டே வருடம். படிப்பில் கழிந்த மாதங்கள் எண்ணிக்கையில் ஏறுவதில்லை, ஆனால் எட்ட வேண்டிய எண்ணிக்கையையே படிப்பு குறைத்துவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து நர்ஸிங் தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் இதே இரண்டு வருடச் சலுகை உண்டு, பயிற்சியை அங்கேயே முடித்து, அந்தத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தால்.

## இரண்டாவது கடிகாரம்: பென்ஷன் மாதங்கள்

நிறையப் பேருக்குத் தெரியாத பகுதி இது. அனுமதி எத்தனை மாதம் இருந்தது என்பது ஒரு கடிகாரம். அரசு ஓய்வூதியக் காப்பீட்டுக்கு எத்தனை மாதம் பணம் கட்டினோம் என்பது பக்கத்திலேயே ஓடும் இன்னொரு கடிகாரம். நம் ஊரில் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடிப்பது மாதிரி, அங்கே சம்பளத்தில் 18.6 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகும், பாதி ஊழியருடையது, பாதி முதலாளியுடையது. இரண்டு வருட வழியில் போகிறவருக்கு இந்தப் பணம் 24 மாதம் கட்டியிருக்க வேண்டும், மூன்று வருட வழியில் 36 மாதம். ப்ளூ கார்டுகாரருக்கு அந்த 21 அல்லது 27 மாதத்துக்கும்.

முழு நேர வேலையில் இருப்பவருக்கு இது தானாகவே நடந்துவிடும், கவலையில்லை. ஆனால் படிக்கும்போது செய்யும் வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிப்புக்கு நடுவே வாரம் இருபது மணி நேரம் வரை நிறுவனங்களில் வேலை செய்பவரை அங்கே வெர்க்ஸ்டுடென்ட் என்பார்கள். அவருக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தமெல்லாம் கிடையாது, ஓய்வூதியப் பிடித்தம் மட்டும் உண்டு. மாதக் கடைசியில் அந்த 9.3 சதவீதத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் புலம்புவார்கள். புலம்ப வேண்டாம். அந்த மாதங்கள் இரண்டாவது கடிகாரத்தில் பதிவாகின்றன.

மினிஜாப் என்ற சின்ன வேலைகளில் கதை வேறு. உணவகத்தில் பாத்திரம் கழுவுவது, கடையில் சரக்கு அடுக்குவது போன்றவை. 2025இல் மாதம் 556 யூரோ வரை இந்த வகையில் சம்பாதிக்க முடிந்தது. இதிலும் ஓய்வூதியத்துக்கு ஊழியர் பங்காக 3.6 சதவீதம், அதாவது சுமார் 20 யூரோ பிடிப்பார்கள். ஆனால் "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். சேரும் நாளில் நீட்டும் காகிதங்களில் இந்த விலகல் படிவமும் இருக்கும். என் மாணவன் ஒருவன் மற்றவற்றோடு அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்துத்தான் கவனித்தான். மாதம் 20 யூரோ மிச்சமானது உண்மைதான். ஆனால் அந்த மாதங்களுக்கு அவன் கட்டியதாக ஒன்றும் பதிவாகவில்லை. அந்தப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று கிளம்பும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்போது சொல்லி அனுப்புகிறேன்.

சரி, இந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்த்துக்கொள்வோம். முதல் கடிகாரம் அனுமதி மாதங்களை எண்ணுகிறது. இரண்டாவது பென்ஷன் மாதங்களை எண்ணுகிறது. இரண்டும் தனித்தனியாக நிறைய வேண்டும். பின்தங்கிய கடிகாரம் எதுவோ அதுதான் தேதியைத் தீர்மானிக்கும்.

## பாதியாக எண்ணும் நீண்ட வழி

மேலே சொன்ன வழிகளில் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். உதாரணமாக, படித்து முடித்துவிட்டு ஃப்ரீலான்ஸாக வடிவமைப்போ மொழிபெயர்ப்போ செய்யும் ஒரு பெண். அவருக்குப் பொதுவான வழி, சட்டத்தின் 9ஆம் பிரிவு: ஐந்து வருட வசிப்பு அனுமதி, 60 மாதப் பென்ஷன் கட்டணம் அல்லது அதற்கு ஈடான ஓய்வூதிய ஏற்பாடு. ஊரில் எல்லாரும் சொல்லும் "அஞ்சு வருஷம்" இங்கிருந்துதான் வந்தது.

இந்த வழியில் படிப்புக் காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வருடம் படித்திருந்தால் ஒன்றரை வருடம், அதாவது 18 மாதம். மிச்சம் 42 மாதம் வேறு அனுமதியில் கழிய வேண்டும். வேலை தேடிய மாதங்களை நான் இதில் சேர்க்கவில்லை. இனி பென்ஷன் பக்கம் வாருங்கள். அங்கே பாதிக் கணக்கே கிடையாது. படிக்கும்போது 18 மாதம் வெர்க்ஸ்டுடென்டாக இருந்திருந்தால் அந்த 18ம் முழுசாக நிற்கும். மிச்ச 42 மாதத்துக்கு, ஃப்ரீலான்ஸ் செய்பவர் தானாக முன்வந்து கட்டிக்கொள்ளலாம். இரண்டு கடிகாரமும் ஒரே நாளில் 60ஐத் தொடும். படிக்கும்போது ஒரு மாதம்கூடக் கட்டாதவருக்கு முதல் கடிகாரம் நிறைந்த பிறகும் இரண்டாவதில் 18 மாதம் பாக்கி இருக்கும்.

## ஒரே முனைவர் பட்டம், இரண்டு கணக்கு

இரண்டு பேர் ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறார்கள். ஒருவருக்குப் பல்கலைக்கழகம் வேலை ஒப்பந்தம் கொடுத்து, சம்பளம் போட்டு, ஆராய்ச்சியாளர் அனுமதியில் வைத்திருக்கிறது. இன்னொருவர் உதவித்தொகையில், மாணவர் அனுமதியில் இருக்கிறார். இருவரும் ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போகிறார்கள். முதலாமவருக்கு அந்த வருடங்கள் வேலைக் காலம், பென்ஷனும் ஏறுகிறது. இரண்டாமவருக்கு அது படிப்புக் காலம், உதவித்தொகையில் பென்ஷன் பிடித்தமும் இல்லை.

"என் பெண் பிஎச்.டி. பண்றா, அது படிப்பா வேலையா?" என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் ஒன்றுதான்: அட்டையில் என்ன எண் இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். உதவித்தொகையில் இருப்பவர்கள் நடுவில் வேலை ஒப்பந்தம் கிடைத்தால், அதற்கேற்ற அனுமதிக்கு மாற முடியுமா என்று அப்போதே விசாரிப்பது நல்லது. மாறிய நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும், பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள்.

## கடிகாரம் அறுபடும் இடங்கள்

ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால், முன்கூட்டியே அதிக அவகாசம் எழுதி வாங்கியிருந்தால் தவிர, ப்ளூ கார்டு அல்லாத சாதாரண வசிப்பு அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். பிரசவத்துக்கு வந்தவர்கள், அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு வந்து இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்த்தவர்கள், இவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அம்மாக்கள் "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்" என்று சொல்வது இயல்பு. சொல்வதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

புதுப்பித்தல் இன்னொரு இடம். கெடு முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய அனுமதியே தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் தருவார்கள். கெடு முடிந்த பிறகு ஓடினால் நடுவில் ஓட்டை விழும்.

## கனடாவும் பிரிட்டனும் வேறு மாதிரி எண்ணுகின்றன

ஜெர்மனிக் கணக்கை அப்படியே வேறு நாட்டுக்குப் போடாதீர்கள். கனடாவில் அங்கேயே படித்து வேலை பார்ப்பவர்கள் அதிகம் நம்பியிருப்பது கனடிய அனுபவப் பிரிவு என்ற பி.ஆர். வழியை. கடைசி மூன்று வருடத்துக்குள் ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம், திறன் வேலை செய்திருக்க வேண்டும். முழு நேர மாணவராக இருந்தபோது செய்த வேலை இதில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. படிப்பின் பகுதியாகச் செய்யும் கோ-ஆப் வேலையும் அப்படித்தான். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை அனுமதியில் செய்த வேலை சேரும், ஆனால் காபிக் கடை கவுன்டர் வேலை திறன் வேலை என்ற வகையில் வராது. அந்த அனுமதியும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். ஒரு வருடம் முடித்தாலும் தகுதிதான் வந்திருக்கிறது, பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வரவில்லை. அழைப்பு புள்ளிகளைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டில் இனிப்பு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கனடாவிலும் ஒரு பாதிக் கணக்கு உண்டு, ஆனால் அது குடியுரிமைக்கு. ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பி.ஆர். வருவதற்கு முன் மாணவராகவோ ஊழியராகவோ இருந்த நாள்கள் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாள் வரை சேரும்.

பிரிட்டனில் திறன் ஊழியர் விசாவில் ஐந்து வருடம் என்பது வழக்கமான வழி. மாணவர் விசாவும், படித்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவும் அதில் சேராது. ஆனால் பத்து வருடம் சட்டப்படி தொடர்ந்து வாழ்ந்தவருக்கு இன்னொரு வழி உண்டு, அதில் இவை எல்லாமே சேரும். ஒரு வருடம் படிப்பு, இரண்டு வருடம் கிராஜுவேட் விசா, பிறகு வேலை என்று போனவருக்கு, இடையில் முறிவு இல்லாவிட்டால், ஐந்து வருட வழி எட்டாவது வருடம் முடிவில் திறக்கும், பத்து வருட வழி அதற்கு இரண்டு வருடம் கழித்து. இதெல்லாம் பழகிய விதி. 2025 மே மாதம் அந்த அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஐந்தைப் பொதுவாகப் பத்தாக்கப் போவதாகச் சொன்னது. அதனால் பிரிட்டனில் இருப்பவர்கள் பழைய கணக்கை வைத்துக் கல்யாணத் தேதி குறிக்க வேண்டாம். அரசின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

## வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளையிடம் முதல் அட்டையிலிருந்து இன்றைய அட்டை வரை எல்லாவற்றின் படங்களையும் வாங்குங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எந்த எண் என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால் ஒருவருடைய காப்பீட்டு வரலாற்றை மாதக் கணக்காக அச்சிட்டுத் தபாலில் அனுப்பும். அதைப் பார்த்துப் பக்கத்துப் பத்தியில் பென்ஷன் மாதங்கள். மூன்றாவது பத்தியில் இந்தியா வந்து போன தேதிகள். பழைய அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அதனால் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்று பந்தியிலிருந்து எழுந்தபின் மண்டப வாசலில் நின்றே இவருக்கு இந்தப் பத்திகளை ஒரு தாம்பூலப் பையின் பின்னால் எழுதிக் காட்டினேன். கூடப் போன பையனின் ரகசியமும் தெரிந்தது. அவன் இரண்டே வருடத்தில் படித்து முடித்து, வேலையும் ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டான், அவ்வளவுதான். இவர் மகன் எதையும் மறைக்கவில்லை. ஜனவரியா ஜூலையா என்பது மட்டும் பாக்கி. பையன் ஆங்கிலத்திலேயே படித்தவன், நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் ஏ1 என்ற முதல் நிலையை முடித்ததோடு நின்றிருந்தான். அந்த வாசலிலிருந்தே அவர் மகனுக்குப் போன் போட்டு, நலம்கூட விசாரிக்காமல், "பி1 பரீட்சை எப்போடா எழுதப் போற?" என்று கேட்டார்.